பனியன் கம்பெனி கணக்கு வேலை, இப்போது ஈஆர்பி வருகிறது: டேலி மட்டும் தெரிந்தவன் எதிலிருந்து தொடங்குவது?

பவானிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், வயது 41. பி.காம். முடித்த கையோடு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவன். வாட் இருந்த காலத்தில் ஆரம்பித்து, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, அப்புறம் இ-வே பில், பில்லை அரசு போர்ட்டலில் பதியும் இ-இன்வாய்ஸ் என்று ஒவ்வொன்றாக வந்தபோதெல்லாம் ஆடிட்டர் ஆபீசில் கேட்டும் பக்கத்து கம்பெனிக்காரர்களிடம் கேட்டும் பிடித்துக்கொண்டேன்.

இப்போது வந்திருப்பது வேறு மாதிரி. முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்துவிட்டார், நூல் வாங்குவதிலிருந்து நிட்டிங், டையிங், கட்டிங், பேக்கிங், ஷிப்மென்ட் வரை எல்லாமே ஈஆர்பி என்ற ஒரே சாஃப்ட்வேரில் வரப்போகிறது என்று சொல்லிவிட்டார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் எக்செல்லில் பிவட் டேபிள் போட்டு பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் எடுக்கிறார்கள். நான் இன்னும், சப்ளையர்கள் போட்ட பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டும் 2பி பட்டியலையும் எங்கள் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு பேனாவால் டிக் அடித்துத்தான் சரிபார்க்கிறேன். தப்பு வராது, ஆனால் மாதத்தில் பாதி அதிலேயே போய்விடுகிறது.

யாரைக் கேட்டாலும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ரிப்போர்ட் போடும் பவர் பிஐ என்கிறார் ஒருவர், சேப் என்ற ஈஆர்பி என்கிறார் இன்னொருவர், பைத்தானில் கோடு எழுதத் தெரியாமல் இனி எதுவும் நடக்காது என்கிறான் மச்சான் மகன். ஒரு பயிற்சி மையம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோர்ஸ், சான்றிதழோடு என்று ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்கிறது. இரவு 8 மணிக்கு மேல்தான் எனக்கு நேரம். ஆங்கிலம் படித்தால் புரியும், பேசத் தயக்கம். எதை முதலில் கற்றுக்கொள்வது, அந்தப் பணத்தைக் கட்டலாமா, இன்னும் நாலைந்து வருடத்தில் பில் என்ட்ரி என்ற வேலையே இருக்குமா, இந்த மூன்றுக்கும் மனதில் பட்டதை நேராகச் சொல்லுங்கள்.

—

நெசவுத்தெரு:

அண்ணா, நான் கரூரில் ஒரு ஹோம் டெக்ஸ்டைல்ஸ் கம்பெனியில் இதே வேலைதான் பார்க்கிறேன். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: பேனாவால் டிக் அடிக்கும் அந்த 2பி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அதை எக்செல்லில் செய்து முடிப்பதற்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அதுதான் உங்கள் பாடத்திட்டம். வேறு எந்தப் பெயரையும் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதலில் பார்ட்டி வாரியாக மொத்தத்தைப் பாருங்கள், பில் வாரியாகப் போகாதீர்கள். டேலியிலிருந்து பர்ச்சேஸ் ரெஜிஸ்டரை எக்செல்லுக்கு எடுங்கள், போர்ட்டலிலிருந்து 2பி எக்செல் ஃபைலை இறக்குங்கள். ஜிஎஸ்டி எண்ணை வைத்து சம்இஃப்ஸ் (கேட்டதை மட்டும் கூட்டும் ஃபார்முலா) போட்டு, இந்தப் பார்ட்டிக்கு நம் புத்தகத்தில் வரி எவ்வளவு, 2பி-யில் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான பார்ட்டிகள் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போய்விடும், அவர்களைத் தொடவே வேண்டாம். மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டும் பில் பில்லாகப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே உங்கள் வேலை நாட்கள் பாதியாகும். (மொத்தம் ஒத்துப்போனாலும் உள்ளே ஒரு பில் விட்டுப்போய் இன்னொன்று கூடியிருக்க வாய்ப்பு உண்டு, அதனால் பெரிய தொகைப் பார்ட்டிகளை மட்டும் எப்படியும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம்.)

பில் வாரியாகப் போகும்போதுதான் தலைவலி. அவர்கள் ஃபைல் செய்த எண் 0145/24-25 என்று இருக்கும், நம் ஆள் 145 என்று என்ட்ரி போட்டிருப்பார். எக்செல்லுக்கு அது இரண்டும் வேறு வேறு. எண் மாதிரி தெரிவது உள்ளே டெக்ஸ்ட்டாக உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேடிக் கொடுக்கும் வி-லுக்கப் ஃபார்முலா அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் எக்செல் சரிவராது என்று விட்டுவிடுகிறார்கள். டிரிம், சப்ஸ்டிட்யூட், லெஃப்ட், வேல்யூ, இந்த நாலு ஃபார்முலாவும் இதற்காகவே இருக்கின்றன. தேதியும் அப்படித்தான், நாளும் மாதமும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டால் ஏப்ரல் 5 மே 4 ஆகிவிடும்.

இது கைவந்த பிறகு பவர் கொயரி, அதாவது ஃபைல்களைச் சுத்தம் செய்து சேர்க்கும் எக்செல் வசதி. தனியாக வாங்க வேண்டியதில்லை, எக்செல் 2016-லிருந்து டேட்டா மெனுவிலேயே இருக்கிறது. மேலே இருக்கும் தலைப்பு வரிகளை நீக்கு, எண்ணைச் சுத்தம் செய், இரண்டு பட்டியலையும் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் வைத்துச் சேர், எதில் இருக்கிறது எதில் இல்லை என்று காட்டு, இதை ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். அடுத்த மாதம் புது ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டு ரெஃப்ரெஷ் அழுத்தினால் வந்துவிடும். ஒரு வரி கோடு எழுத வேண்டாம், எல்லாம் மவுஸால் செய்வதுதான்.

ஏன் இதையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றால் இது முதலாளிக்குப் பணமாகத் தெரியும் வேலை. 2022 ஜனவரி 1 முதல் 2பி-யில் வராத பில்லில் கட்டிய வரியைக் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று சட்டத்திலேயே வந்துவிட்டது. 11-ம் தேதிக்குள் சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும், 14-ம் தேதி 2பி வரும், 20-ம் தேதி நாம் வரி கட்டும் ரிட்டர்னான 3பி போட வேண்டும். நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களில் எந்த டையிங் யூனிட் பில்லைப் போடாமல் விட்டது என்று பட்டியலோடு முதல் நாளே சொல்பவருக்கு மதிப்பு தானாக வரும். 2024 அக்டோபரிலிருந்து போர்ட்டலில் ஐஎம்எஸ் என்ற வசதி வேறு வந்திருக்கிறது. சப்ளையர் போட்ட பில்லை அதில் ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்து முடிவெடுக்கும் ஆள் நீங்களாக இருங்கள்.

—

கோவை_இம்ப்ளிமென்ட்டர்:

நான் மறுபக்கத்து ஆள். ஜவுளிக் கம்பெனிகளுக்கு ஈஆர்பி போட்டுக் கொடுக்கும் வேலை. பவானிக்கரை சார், நீங்கள் பயப்படுவதைப் பார்த்துத்தான் எழுத வந்தேன், ஏனென்றால் ஒரு கம்பெனிக்குள் போனதும் உங்களை மாதிரி ஒருவரைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம்.

சாஃப்ட்வேர் விழுகிற இடம் எப்போதும் மாஸ்டர்தான், அதாவது பார்ட்டி, சரக்குப் பெயர்களின் அடிப்படைப் பட்டியல். டேலியில் ஒரே டையிங் யூனிட் மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று லெட்ஜராக இருக்கும். 30-ம் நம்பர் கோம்ப்டு நூலை ஒருவர் ஒரு மாதிரியும் ஸ்டோரில் இன்னொரு மாதிரியும் எழுதியிருப்பார்கள். நூல் கிலோவில் வரும், துணி கிலோவிலும் ரோலிலும் போகும், கட்டிங்குக்கு அப்புறம் எல்லாம் பீஸ். எந்த இடத்தில் கிலோ பீஸாக மாறுகிறது, நிட்டிங்கில் எத்தனை சதவீதம் லாஸ் ஏற்றுக்கொள்வோம், டையிங்கில் வெளிர் நிறத்துக்கும் அடர் நிறத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும், இதெல்லாம் எங்கள் பையன்களுக்குத் தெரியாது. உங்கள் கம்பெனியின் புதுப் பிள்ளைகளுக்கும் தெரியாது. வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் பில்லை வருடக்கணக்காகப் பாஸ் செய்த உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஈஆர்பி வரும் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே பார்ட்டி மாஸ்டரை எக்செல்லுக்கு எடுத்து, ஜிஎஸ்டி எண் வாரியாக வரிசைப்படுத்தி, இரட்டையாக இருப்பவற்றைக் குறித்து வையுங்கள். அந்த 15 இலக்கத்தில் 3-வதிலிருந்து 12-வது வரை இருப்பது பான் எண். அதைத் தனியாகப் பிரித்தெடுத்தால் ஒரே ஆள் இரண்டு மாநிலத்தில் பதிவு செய்திருப்பதும் பிடிபடும். கூடவே உத்யம் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த ஜாப் ஒர்க்காரருக்குப் பணம் 45 நாளுக்குள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் போக வேண்டும். வருட முடிவில் அது தாண்டி நின்றால் கொடுக்கும் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. 2023-24 கணக்கிலிருந்து இதுதான் நிலைமை. இந்த நெடுவரிசை இல்லாமல் எந்த சாஃப்ட்வேராலும் அந்த ரிப்போர்ட்டைத் தர முடியாது.

அப்புறம் முதலாளி மகனிடம் நேராகப் போய், கணக்குப் பக்கத்துக்கும் ஜாப் ஒர்க்குக்கும் கீ யூசராக என்னைப் போடுங்கள் என்று கேளுங்கள். கேட்காமல் இருந்தால் கம்ப்யூட்டர் வேகமாகத் தட்டுகிறார் என்பதற்காக வேறு ஒருவரைப் போட்டுவிடுவார்கள். கீ யூசர் என்றால் எங்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்கிரீனையும் சோதித்துப் பார்ப்பவர், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். டெமோ ஆங்கிலத்தில் ஓடினாலும் நீங்கள் தமிழிலேயே கேளுங்கள், கோயம்புத்தூர் திருப்பூர் பக்கம் வேலை பார்க்கும் எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ்தான் வசதி. ஒரு நோட்டில் உங்கள் கையெழுத்தில், தமிழில், எந்த மெனு எந்த பட்டன் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பல கம்பெனிகளில் நாங்கள் கொடுக்கும் தடிமனான மேனுவலை யாரும் திறப்பதில்லை, அந்த மாதிரி ஒரு நோட்டின் ஜெராக்ஸ்தான் எல்லா மேஜையிலும் கிடக்கும்.

பில் என்ட்ரி பற்றிக் கேட்டீர்கள். குறையும், அதை மறைக்க மாட்டேன். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுவரவுக்கு மேல் இருப்பவர்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கிவிட்டது. நூல் மில்லிலிருந்து வரும் பில்லில் க்யூஆர் இருக்கிறது, விவரம் எல்லாம் ஏற்கனவே கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அதைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்வதற்கு ஓர் ஆள் எதற்கு என்று எந்த முதலாளியும் கேட்பார். ஆனால் 400 கிலோ போன துணி 352 கிலோவாகத் திரும்பி வந்தால் அந்தப் பில்லைப் பாஸ் செய்யலாமா, தொகையைக் கழித்து டெபிட் நோட் போடலாமா என்பதை க்யூஆர் சொல்லாது. உங்கள் வேலை அந்தப் பக்கம் நகர வேண்டும்.

—

செந்தூரான்:

மற்றவர்கள் சொல்வதோடு எனக்கு முழுதாக ஒத்துப்போகவில்லை. பவர் கொயரி நல்லதுதான், ஆனால் அது இருக்கும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் உதவும். நான் 30 வயதுக்கு மேல் பைத்தான் கற்றுக்கொண்டுதான் அக்கவுண்ட்ஸிலிருந்து டேட்டா வேலைக்கு மாறினேன். சென்னை ஐஐடி 2020-ல் ஆரம்பித்த பிஎஸ் டேட்டா சயின்ஸ் இணைய வழிப் படிப்புக்கு வயது வரம்பு கிடையாது, ஜேஇஇ தேவையில்லை, நாலு வாரப் பாடம் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பவானிக்கரை அண்ணன் நினைத்தால் முடியும். வயதைச் சொல்லி யாரும் அவரைச் சின்ன வட்டத்துக்குள் உட்கார வைக்காதீர்கள்.

—

நெசவுத்தெரு:

செந்தூரான், வயதுக்காகச் சொல்லவில்லை. அந்தப் படிப்பில் கணிதமும் புள்ளியியலும் கனமாக இருக்கும், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். வேலை மாற வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு அது சரியான வழி, நீங்கள் அதற்கு நல்ல உதாரணம். ஆனால் இவர் கேட்டது இந்தக் கம்பெனியில் இந்த மாற்றத்தில் எப்படி நிற்பது என்று. ஈஆர்பி வரும் வருடத்தில் இரண்டையும் சேர்த்து இழுத்தால் உடம்பு தாங்காது. அது நின்று ஓட ஆரம்பித்த பிறகு பைத்தானுக்கு வரட்டும், பவர் கொயரியில் டேபிள்களைச் சேர்த்துப் பழகியவருக்கு அது அவ்வளவு அந்நியமாகவும் இருக்காது.

—

மதுரைமல்லி:

நான் ஒரு ஆடிட் ஆபீசில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. கற்றுக்கொள்ளும் நேரம் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கோர்ஸில் சேர வேண்டாம் சார். டேலி, எக்செல், பவர் பிஐ, சேப், பைத்தான் எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் தருகிறேன் என்று சொல்பவர் எதையும் ஆழமாகத் தரப்போவதில்லை. எங்கள் ஆபீசில் ஆள் எடுக்கும்போது சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் லெட்ஜரையும் கொடுத்து ரீகன்சைல் பண்ணச் (ஒப்பிட்டுச் சரிபார்க்கச்) சொல்வோம், அதில்தான் முடிவு. பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். கால்க் வேறு எக்செல் வேறு என்றாலும் ஃபார்முலா, சார்ட், வடிகட்டுவது எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடிப்படை தமிழில் உள்ளே போய்விட்டால் அப்புறம் ஆங்கில வீடியோ பயமுறுத்தாது.

ஆனால் இரவு 8 மணிக்கு மேல் வீட்டில் என்பது எனக்கு நடக்கவே இல்லை. பகல் முழுக்கத் திரையைப் பார்த்த கண், பிள்ளைகளின் படிப்பு, சமையல், எல்லாம் முடிந்து உட்கார்ந்தால் எதுவும் ஏறாது. எனக்குக் கைகொடுத்தது ஆபீசில் கேட்டு வாங்கிய நேரம். ரிட்டர்ன் எல்லாம் போன பிறகு, வாரத்தில் இரண்டு நாள் காலை ஒரு மணி நேரம். கம்பெனிக்காகத்தான் கற்றுக்கொள்கிறோம், கம்பெனி நேரத்தில் கேட்பதில் ஒரு தவறும் இல்லை. ஈஆர்பிக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர் ஆளுக்கு ஒரு மணி நேரம் கொடுக்கத்தான் வேண்டும், அதை நீங்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஏஐ பற்றி. சாட்ஜிபிடி மாதிரி கருவிகளிடம் எக்செல் ஃபார்முலா கேட்கலாம், நானும் கேட்கிறேன், தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்கிறது. இந்த நெடுவரிசையில் இருக்கும் பில் எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும் என்று சொன்னால் ஃபார்முலாவைத் தந்து, எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்கும். கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சட்டப் பிரிவு, நோட்டிஃபிகேஷன் எண், கடைசித் தேதி இவற்றை அது சொல்வதை வைத்து மட்டும் செய்யாதீர்கள், இல்லாத எண்ணைக்கூட உறுதியான குரலில் சொல்லும், போர்ட்டலிலோ ஆடிட்டரிடமோ பார்த்துக்கொள்ளுங்கள். பார்ட்டி பெயர், ரேட், பையர் விவரம் இருக்கும் ஃபைலை அப்படியே ஏற்றவும் வேண்டாம். அது கம்பெனியின் சொத்து. பெயரையும் தொகையையும் மாற்றி நாலு வரி மாதிரி செய்து கேட்டாலே போதும். வீட்டில் பழகுவதற்கும் அதே மாதிரி ஃபைல்தான் நல்லது.

—

பவானிக்கரை:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றிங்க. கோர்ஸுக்குப் பணம் கட்டுவதை விட்டுவிட்டேன். செந்தூரான் சொன்னதையும் மறக்க மாட்டேன், மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவளிடமும் அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

நெசவுத்தெரு சொன்ன பார்ட்டி வாரி மொத்தத்தை நேற்று போன மாதத்துக்குப் போட்டுப் பார்த்தேன். சம்இஃப்ஸ் ஒரே மாலையில் வந்துவிட்டது. புதுப் பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஃபார்முலாவில் டாலர் குறி ஏன் போட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். பதிலுக்கு டையிங் பில்லில் வெயிட் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார், ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மாறி மாறிச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

சின்னய்யாவிடம் கீ யூசர் விஷயத்தைக் கேட்டுவிட்டேன், சரி என்றார். இப்போது கோவை சாரிடம் ஒரு சந்தேகம். மாறும் நாளில் ஜாப் ஒர்க்காரர்களிடம் வெளியே கிடக்கும் சரக்கை ஈஆர்பிக்குள் எப்படிக் கொண்டுவருவது? டேலியில் அதைச் சரியாக வைத்ததே இல்லை, சரக்கை அனுப்பும்போது எழுதும் சலான் புத்தகத்தில்தான் இருக்கிறது.

—

கோவை_இம்ப்ளிமென்ட்டர்:

நல்ல கேள்வி, பலரும் மாறுவதற்கு முந்தின நாள்தான் இதைக் கேட்பார்கள். சலான் புத்தகத்திலிருந்து ஓர் எக்செல் பட்டியல் போடுங்கள். ஜாப் ஒர்க்காரர், ஜிஎஸ்டி எண், சலான் எண், தேதி, நூலா துணியா, நிறம், டயா, போன கிலோ, இதுவரை திரும்பிய கிலோ, பாக்கி. ஒரு வரிக்கு ஒரு சலான், செல்களை மெர்ஜ் செய்யாமல், நடுவில் காலி வரி விடாமல். அந்த வடிவத்தில் இருந்தால் எங்கள் டெம்ப்ளேட்டில் ஒரே மூச்சில் ஏற்றிவிடலாம்.

பாக்கி என்று நம் புத்தகம் சொல்வதை அப்படியே ஏற்றாதீர்கள். ஒவ்வொரு ஜாப் ஒர்க்காரரிடமும் அவர் கையில் இருப்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வித்தியாசம் வரும், அதில் பெரும்பகுதி நீங்கள் கழிக்காமல் விட்ட பிராசஸ் லாஸாக இருக்கும், மிச்சத்தைப் பேசித் தீர்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் திரும்பாத சலான் இருந்தால் தனியாகக் குறியுங்கள், உள்ளீட்டுப் பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லை என்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். அவற்றை ஆடிட்டரிடம் காட்டி முடிவு செய்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவத்தில் நீங்கள் இதுவரை காட்டியதோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாறிய பிறகும் குறைந்தது இரண்டு மாதம் டேலியையும் கூடவே ஓட்டுங்கள். வேலை இரட்டிப்பாகும், எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். மாத முடிவில் இரண்டிலும் எல்லா லெட்ஜர் பாக்கியும் காட்டும் டிரையல் பேலன்ஸ் எடுத்து வையுங்கள், வித்தியாசம் வரும் லெட்ஜர்களின் பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள். பட்டியலை முதல் வாரத்திலேயே அனுப்பினால் திருத்த எங்களுக்கும் நேரம் இருக்கும்.